மூன்று சிவப்புப் புள்ளிகள்

ஜனவரி 16, வெள்ளி

கைப்பேசி மூன்று முறை அலறிவிட்டது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரும் வெளியே போகக் கூடாதாம். ஐம்பது சென்டிமீட்டர் பனி வரும் என்கிறார்கள். பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். பேருந்து இனி செவ்வாய்க்கிழமைதான்.

கனடாவின் இந்தச் சட்பரி ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. முதல் பனி விழுந்த அன்று நானும் கையை நீட்டிப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். இப்போது பனியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. நாங்கள் இருப்பது தரைக்குக் கீழே உள்ள வீடு. ஜன்னலில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. நாளைக்கு மீதிப் பாதியும் மூடிவிடும்.

வெளியே போக முடியாது என்றால் வீட்டுக்குள் மூன்று பேரும் இருக்க வேண்டும். அதுதான் பெரிய கஷ்டம். தாரணி அக்கா ஈரோடு, என்னைவிட மூன்று வயது மூத்தவர். வீட்டை ஓனரிடம் பேசி எடுத்தவர் அவர்தான். சுபிக்ஷா திருச்சி, என் வகுப்பு. தாரணி அக்கா சிரித்தால் அவளும் சிரிப்பாள்.

சாயங்காலம் தாரணி அக்கா சமையலறையில் நின்றுகொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை ஓனருக்குப் பேரு அனுப்போணும். பிப்ரவரியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் யாரு யாரு இருக்கறதுன்னு. ஒத்துப்போற ஆளுங்க பேரத்தான் போடுவேன், சொல்லிப்புட்டேன்."

சுபிக்ஷா, "நான் ஒத்துப்போறேன்க்கா, நான்லாம் பச்சத்தண்ணி" என்றாள்.

தாரணி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தவமணியும் நல்ல புள்ளதான். வாயே தொறக்காது."

நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் குளிரில், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, எங்கே போய் அறை தேடுவது?

இரண்டு நாளையும் எப்படிக் கழிப்பது என்று திட்டம் போட்டுவிட்டேன். இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் 'பிறகு பார்க்க' என்று சேமித்து வைக்கும் பழக்கம் எனக்கு. ஐந்து மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருக்கிறது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்து முடித்து அழித்துவிட வேண்டும்.


ஜனவரி 17, சனி. காலை

ஜன்னல் முழுக்க வெள்ளை.

பதினேழு முடித்தேன். தூங்கும்போது நிறம் மாறுகிற ஆக்டோபஸ்: தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை. கனவு காண்கிறதோ என்னவோ என்கிறார்கள். அதற்கும் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை போல. யாரோ முகம் தெரியாதவர்கள் தங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் படமெடுத்துப் போடுகிற ஒரு தளம். ஒரு வீட்டு ஜன்னலில் ஆடு, ஒரு வீட்டில் கடல். எங்கள் ஜன்னலைப் படமெடுத்துப் போட்டால் குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம் என்று நினைப்பார்கள். பிறகு, வாழ்நாள் முழுக்கப் பனித்துகள்களையே படமெடுத்த ஒரு விவசாயி. ஐயாயிரத்துக்கும் மேலே எடுத்தாராம். ஒன்றுகூட இன்னொன்றைப் போல் இல்லையாம். அவருக்கு அள்ளும் வேலை இருந்திருக்காது.

எங்கள் வீட்டில் பனி அள்ள முறை வைத்திருக்கிறோம். வாசலிலிருந்து தெரு வரைக்கும் நாங்கள்தான் வழி எடுக்க வேண்டும். மூன்று பெயரும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. இதுவரை பதினோரு முறை அள்ளியாயிற்று. அதில் ஒன்பது முறை நான். தாரணி அக்காவுக்கு சைனஸ். சுபிக்ஷாவுக்குக் கையுறை தொலைந்துவிட்டது.

பத்து மணிக்கு முட்டை பொரிக்கப் போனேன். கரண்டியை எடுத்தேன்.

"அந்தக் கரண்டி உன்னோடதா கண்ணு?" என்றார் தாரணி அக்கா.

இல்லை. நான் தனியாக வாங்கினது கழுவாமல் தொட்டியில் கிடந்தது. இதை வைத்துவிட்டு அதைக் கழுவி எடுத்தேன்.

"தப்பா நெனச்சுக்காத. எனக்குக் கவுச்சி வாடை ஒத்துக்காது, உனக்கே தெரியுமில்ல. பொறந்ததுல இருந்து எங்கூட்ல முட்டைகூட ஒடச்சதில்ல."

"சரிக்கா."

தெரியும். செப்டம்பரிலேயே சொன்னார். தாரணி அக்கா வாங்கி வந்த ஒரே அட்டைப்பெட்டியில்தான் இந்த வீட்டுப் பாத்திரம் எல்லாம் வந்தது. அதிலிருந்து ஒரு வாணலி, ஒரு சட்டி, ஒரு தட்டு எடுத்து, அடியில் நெயில் பாலிஷால் சிவப்பாகப் புள்ளி வைத்து என்னிடம் கொடுத்தார். 'இது கறிப் பாத்திரம், மத்ததெல்லாம் சைவம். கறி பட்டதுக்குப் புள்ளி வச்சுட்டா கொழப்பம் வராது பாரு.' எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாப்பாட்டு விஷயத்தில் ஒவ்வொருவர் வீட்டில் ஒவ்வொரு பழக்கம். குக்கரை மட்டும் நான் தொடவே கூடாது. நான் சட்டியில் சோறு வடித்துக்கொள்கிறேன்.

முட்டையைத் தட்டில் போட்டு அறைக்கு எடுத்து வந்தேன். நான் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டு நாளாகிறது. யாரும் சொல்லவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.


ஜனவரி 17, சனி. மதியம்

அம்மா பேசினாள். சாத்தூரில் ராத்திரியாகிவிட்டது, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஐஸு கொட்டுதாமே தாயி. உள்ளயே இருக்கியா?"

"உள்ளதான்மா இருக்கேன்."

"அந்த ஈரோட்டுப் பிள்ள நல்லா வச்சிக்கிடுதா?"

"ம்."

"சண்டை சத்தம்னு எதுவும் வேண்டாம் தாயி. படிப்ப முடிச்சிட்டு வந்திரணும்."

முன்பு ஒரு முறை பேச்சுவாக்கில் எனக்கென்று புள்ளி வைத்த பாத்திரம் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அந்தப் பிள்ள எந்த ஊருன்ன?" என்று மட்டும் கேட்டாள். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் போகும்போது பையில் தன் டம்ளரை வைத்து எடுத்துப் போவாள். அங்கே டம்ளர் இல்லையா என்று நான் கேட்டதில்லை.

நாற்பத்தொன்று முடிந்தது. இன்னும் எழுபத்தொன்று.


ஜனவரி 17, சனி. மாலை நான்கு

நாற்பத்து நான்காவது ஒரு சமையல் வீடியோ. நவம்பரில் சேமித்தது. 'பனி ஊரில் எங்கூட்டுக் கோழி பிரியாணி.' நம் ஆட்கள் யாரோ இந்த ஊரில் இருக்கிறார்கள், கறிவேப்பிலை எங்கே கிடைக்கிறது என்று சொல்வார்கள் என்று நினைத்து வைத்திருந்தேன்.

முகம் காட்டவில்லை. கை மட்டும்தான். கையில் கல் வைத்த மோதிரம். அடுப்புக்குப் பின்னால் மூலை உடைந்த வெள்ளை ஓடு. குக்கர் கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றியிருக்கிறது.

எங்கள் குக்கரிலும் அப்படித்தான். முதலில், இது வேறு குக்கராக இருக்கலாம் என்று நினைத்தேன். பிடி உடைந்தால் எல்லாரும்தான் நூல் சுற்றுவார்கள்.

பிறகு குரல் கேட்டது. "எங்கூட்ல ஞாயித்துக்கிழமைன்னா கோழிதானுங்க. கோழி இல்லாம எனக்குச் சோறே எறங்காது."

ஒரு துண்டை எடுத்துக் கேமராவுக்கு நேராகக் கடித்துக் காட்டுகிறார். பின்னால் சுபிக்ஷா சிரிக்கிறாள். "அக்கா, லெக் பீஸ் எனக்கு" என்கிறாள்.

போட்ட தேதி அக்டோபர் 12. அந்த வாரம் நான் கருத்தரங்குக்காக டொராண்டோ போயிருந்தேன். திரும்பி வந்தபோது வீட்டில் சாம்பிராணி வாசனை. பூஜை செய்தோம் என்றார்கள்.

இரண்டு நிமிடம் பத்தாவது நொடியில் அடுப்பு ஓரத்தில் என் வாணலி கவிழ்த்து வைத்திருக்கிறது. சிவப்புப் புள்ளி நன்றாகத் தெரிகிறது. ஒரு கை வருகிறது. டிஷ்யூ தாளால் அதைப் பிடித்து நகர்த்தி வைக்கிறது. தாளைக் குப்பையில் போடுகிறது. பிறகு வெங்காயம் நறுக்குகிறது.

கீழே யாரோ கேட்டிருக்கிறார்கள்: 'அது என்ன சிஸ்டர் சிவப்புப் புள்ளி?'

பதில்: 'அது கூட இருக்கற ஒரு பொண்ணோடதுங்க. அதுல நாங்க புழங்கறதில்ல.' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. அதற்குப் பதினான்கு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள்.

வீடியோவைப் பதினோரு முறை பார்த்தேன்.

பிறகு இந்த நாட்குறிப்பைத் திருப்பினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 9: 'ஸ்காலர்ஷிப் கடிதம் தபாலில் வந்தது. தாரணி அக்காதான் எடுத்து வந்து கொடுத்தார். உறையில் நலத்துறை பெயர் போட்டிருப்பதைப் பார்த்து, ஓ, நீ அந்த ஸ்காலர்ஷிப்பா என்றார். எங்கள் வீடு ஊரில் கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கே, கண்மாய்க்கு அந்தப் பக்கம் என்றேன்.'

செப்டம்பர் 10: 'தாரணி அக்கா எனக்கென்று தனியாகப் பாத்திரம் கொடுத்தார். நல்ல மனசு.'

நல்ல மனசு என்று எழுதியிருக்கிறேன்.


ஜனவரி 17, சனி. மாலை ஆறு

பசிக்கவில்லை.


ஜனவரி 18, ஞாயிறு. காலை

பனி நின்றுவிட்டது. வாசல் கதவைத் திறந்தால் இடுப்பு உயரத்துக்குச் சுவர்போல் நிற்கிறது.

எட்டு மணிக்கு மேல்மாடியில் இருக்கும் ஓனர் மார்கரெட்டுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆகஸ்ட் வரை இருக்க விரும்புகிறேன், என் பெயரை நானே நேராகத் தருகிறேன் என்று. நாலு வரிதான். அதை எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பத்து மணிக்குத் தாரணி கதவைத் தட்டினாள்.

"கண்ணு, ஓனரம்மா மெசேஜ் போட்டிருக்குது. பன்னண்டு மணிக்குள்ள வழி எடுக்கோணுமாம். எனக்கு நேத்துல இருந்து தலை பாரமாவே இருக்குது."

"முறை உங்களோடதுக்கா. அடுத்தது சுபிக்ஷா."

"அதுக்கென்ன, மாத்திக்கலாமே."

"எனக்கு முடியாதுக்கா."

கதவுக்கு அந்தப் பக்கம் சுபிக்ஷாவின் குரல் கேட்டது. "என்னவாம்?"

"முடியாதாமா."

"யாரு, தவமணியா சொன்னா?"

"பேரு அனுப்பற அன்னிக்குப் பாத்துத் திமிரு வருது."

இரண்டு பேரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேலே போகும் சத்தம் கேட்கிறது. கதவு சாத்துகிறார்கள். எனக்கு அந்த வேலை பழக்கம். இவ்வளவு பனியை இரண்டு பேர் அள்ள ஒரு மணி நேரமாவது ஆகும்.

குளியலறைத் தட்டில் தாரணியின் சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கிறது.


ஜனவரி 18, ஞாயிறு. மதியம்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து வீடியோவை ஓட விட்டேன். கோழி பட்டது எது எது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குக்கர். இரண்டு வாணலி. கோழி ஊறவைத்த சட்டி. வந்தவர்களுக்கும் சேர்த்துப் பிரியாணி போட்ட ஐந்து தட்டு. நான்கு கரண்டி. எலும்பு போட்ட கிண்ணம். ஒவ்வொன்றையும் எடுத்து, துடைத்து, கவிழ்த்து, ஒரு புள்ளி வைத்தேன். தாரணி வைத்த அதே இடத்தில், அதே அளவில். காய்ந்த பிறகு அடுக்கி வைத்தேன். காபி ஃபில்டர் மட்டும் வீடியோவில் இல்லை. அதற்கு வைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இறங்கி வந்தார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. சுபிக்ஷா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாரணி சோறு வைக்கக் குக்கரைக் கழுவ எடுத்தாள். திருப்பினாள். அப்படியே நின்றாள். பிறகு வாணலியைத் திருப்பிப் பார்த்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதென்ன பண்ணி வச்சிருக்கற?"

நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். "புள்ளி வச்சிருக்கேன்க்கா."

"எதுக்கு?"

"கறி பட்டதுக்குப் புள்ளி வச்சா குழப்பம் வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. குக்கர்ல கோழி வெந்திருக்கு. அதான்."

"யாரு சொன்னா கோழி வெந்துச்சுன்னு?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ஆறாயிரத்து முந்நூறு பேர்கிட்ட."

சுபிக்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாரணி குக்கரைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "இங்க பாரு. எப்பவோ ஒருநா சாப்பிடறதுதான். அத உன்ர கிட்டச் சொல்லிட்டுத்தான் திங்கோணுமா?"

"சாப்பிடுங்கக்கா. அப்ப என் பாத்திரத்துல ஏன் புள்ளி?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது வேறன்னா வேறதான். உனக்கே தெரியும்."

"எனக்குத் தெரியாதுக்கா. நீங்க சொல்லுங்க."

ஹீட்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. தாரணி சுபிக்ஷாவைப் பார்த்தாள். சுபிக்ஷா தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அதை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

அவள் சொல்லவில்லை. "பசியில நிக்கறோம், இவ கேள்வி கேக்கறா" என்றாள். "உன்ர பேரு போகாது. பிப்ரவரி ஒண்ணாந்தேதி நீ எடத்தக் காலி பண்ணிக்க."

"நான் காலையிலயே ஓனருக்கு எழுதிட்டேன்."

"நீ எழுதினா ஆச்சா? ஊட்டப் பேசி எடுத்தது நானு."

பதில் அரை மணி நேரம் முன்புதான் வந்திருந்தது. கைப்பேசியை நீட்டினேன். தாரணி வாங்கவில்லை. சுபிக்ஷா எழுந்து வந்து எட்டிப் பார்த்துப் படித்தாள். மேல்மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும்போது எப்போதும் தனியாக வழி எடுக்கிற பெண் நீதானே என்று மார்கரெட் கேட்டிருந்தார். இந்த முறை மூன்று பேருக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் தருகிறேன், புதன்கிழமை மேலே வந்து கையெழுத்துப் போடு என்று எழுதியிருந்தார். இன்றைக்கு உனக்கு உடம்பு சரியில்லையா, வேறு இரண்டு பேர் அள்ளுகிறார்களே என்றும் கேட்டிருந்தார்.

"மூணு பேருக்கும் தனித்தனியாவாம்க்கா" என்றாள் சுபிக்ஷா.

"நீ வாய மூடு."


ஜனவரி 18, ஞாயிறு. மாலை

தாரணி உட்கார்ந்து புள்ளியைத் துடைத்தாள். நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலில் மூன்று தட்டுக்குத்தான் இருந்தது. சுபிக்ஷா இணையத்தில் தேடி, கை கழுவுகிற சானிடைசரால் போகும் என்று கண்டுபிடித்தாள். பஞ்சை நனைத்து நனைத்துத் தேய்த்தார்கள். நான் மேசையில் உட்கார்ந்து நாற்பத்தைந்தாவது இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக விழுந்த பனி சத்தத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் பனி பெய்த பிறகு ஊர் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று போட்டிருந்தது. வீட்டுக்குள் கேட்கிற சத்தத்துக்கு அது எதுவும் செய்வதில்லை.

சுபிக்ஷா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, தாரணி துடைக்க, துடைத்ததைத் தொட்டிக்குள் போட்டார்கள். சுபிக்ஷாவின் கைக்குப் புள்ளிதான் கணக்கு. புள்ளி இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

கடைசித் தட்டைத் துடைத்து முடித்த பிறகுதான் தாரணிக்கு உறைத்தது. தொட்டிக்குள் பார்த்தாள். மூன்று வாணலி. இரண்டு சட்டி. ஆறு தட்டு. எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தவை.

"அடியேய், அவளோடதயும் சேத்தா குடுத்த?"

"புள்ளி வச்சதெல்லாம் எடுத்துத் தான்னுதானே சொன்னீங்க?"

தாரணி ஒரு வாணலியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். பஞ்சு ஒட்டியிருந்த விரலால் அடியைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் பதில் தேவைப்பட்டுக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"இதுல எது உன்னோடது?"

என் வாணலியின் விளிம்புக்குக் கீழே நீலமாக ஒரு தீய்ந்த தடம் இருக்கிறது, கட்டைவிரல் அகலத்துக்கு. தொட்டிக்குள் இடது ஓரத்தில் அது தெரிந்தது. என் தட்டும் எனக்குத் தெரிந்தது. சட்டியும் தெரிந்தது.

"தெரியலக்கா" என்றேன்.


ஜனவரி 19, திங்கள்

தாரணி நேற்று ராத்திரியும் இன்று காலையும் வெறும் ரொட்டி தின்றாள். காபி ஃபில்டரை மட்டும் தொடுகிறாள். நாளை பேருந்து ஓடினதும் தனக்குப் புதிதாகப் பாத்திரம் வாங்கப் போகிறாளாம். வாங்கட்டும். அடையாளம் தெரிய இனி அவளுடையதற்குத்தான் புள்ளி வைக்க வேண்டும்.

சுபிக்ஷா பதினோரு மணி வரை பார்த்தாள். பிறகு தொட்டியிலிருந்து கைக்கு வந்த ஒரு தட்டை எடுத்துக் கழுவித் தயிர்ச்சோறு போட்டுச் சாப்பிட்டாள். என்னிடம் ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். இருக்கிறது.

இன்னும் அறுபத்தேழு இணைப்பு பாக்கி. நாற்பத்து நான்காவதை மட்டும் அழிக்கவில்லை.

மதியம் குக்கரில் சோறு வைத்தேன். நூல் சுற்றின பிடியைப் பிடித்துத்தான் இறக்கினேன். இரண்டு முட்டை பொரித்து, சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். எந்த வாணலியில் பொரித்தேன் என்பதை இந்த நாட்குறிப்பில்கூட எழுதப் போவதில்லை.